முருகைத் தொட்டியும் அதன் பொழுதும்

பொருளிலக்கணம் கூறப் புகுந்த தொல்காப்பியனார் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாக வகுத்தார். ஓர் ஒழுக்கம் நிகழும் இடத்தை அறிந்தால் மட்டும் போதாது. அது நிகழும் காலத்தையும் உடன் அறிதல் வேண்டும் என்பது அவர் கருத்து. இவ்விரண்டும் அமைந்த பின்னரே மரமும் புள்ளும் விலங்குமாகிய கருப்பொருள்கள் வந்து பொருந்தும். இலக்கண வகுப்பிலே ஏட்டளவாகக் கற்ற இவ்வுண்மையை, கடல்நீர் நிறைந்த கண்ணாடித் தொட்டி ஒன்றின் முன்னே நின்று யாம் இரண்டாம் முறை கற்க நேர்ந்தது. அதனை நம் கல்லூரி அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் சிறிய தந்தையார் சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாழ்பவர். அவர் தம் கூடத்தில் 200 லிட்டர் கொள்ளும் தொட்டி அமைத்து, உரிய சான்றுகளோடு விற்கப்படும் வளர்ப்பு முருகைத் துண்டுகளை அதில் வளர்க்கின்றார். முதன்முறை அமைத்தபொழுது நிலத்திற்கு அவர் யாதொரு குறையும் வைக்கவில்லை. பாறை, மணல், அளந்து கரைத்த உப்பு, அலையெழுப்பும் பம்பு ஆகிய யாவும் முறைப்படி இருந்தன. முருகைக்கு ஒளியே உணவென்று அவர் கேட்டிருந்தார். ஆதலின் மிகுந்த ஒளி மிகுந்த வாழ்வைத் தருமென்று எண்ணி, நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் முழு வலிமையோடு விளக்கை எரியவிட்டார். மூன்று கிழமைக்குள், தவிட்டு நிறமும் பசுமையும் கலந்து நின்ற கிளைகள் சுண்ணாம்பு போல் வெளுத்தன. பின்னர் அவற்றின்மேற் பாசி படர்ந்தது. சென்ற விடுமுறையில் அவர் இல்லத்தில் ஒரு திங்கள் தங்கியிருந்தோம். அவ்வமயம் அவர் எம்மை நோக்கி, "நான் பட்டினி போட்டுக் கொல்லவில்லை, தம்பி, ஊட்டிக் கொன்றேன்" என்றார். அச்சொல்லின் பொருளை ஆராய்வதிலேயே அவ்விடுமுறையின் பெரும்பகுதி கழிந்தது.

முருகையும் அதனை வளர்த்தோரும்

பவளம் என்று நாம் அணியாகக் கொள்ளும் செம்பொருள் வேறு. பாறையாக வளரும் முருகை வேறு. முருகைக்கல் என்று நம் கடற்கரை மக்கள் வழங்குவது சின்னஞ்சிறு உயிர்கள் பல ஒன்றாகக் கூடி, தம் உடலினடியிற் சுண்ணத்தை இறுத்திக் கட்டிய கூடு. ஒவ்வோர் உயிரும் குழல்போன்ற உடலும், நடுவே ஒரு வாயும், வாயைச் சுற்றிக் கைகளும் உடையது. அது விலங்கினத்தைச் சேர்ந்தது, செடியன்று.

எனினும் அவ்விலங்கின் உடற்கண்ணறைகளுக்குள்ளே, கண்ணுக்குத் தோன்றாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் அவை பத்து இலட்சத்தளவு இருத்தலுண்டு. பகலில் அவை ஒளியைக் கொண்டு உணவு சமைத்துப் பெரும்பகுதியைத் தம்மைத் தாங்கும் முருகைக்கு அளிக்கின்றன; முருகையோ தன் கழிவுப்பொருள்களைப் பாசிக்கு உரமாக அளிக்கின்றது. ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் வாழும் முருகை தனக்கு வேண்டிய ஆற்றலிற் பத்தில் ஒன்பது பங்குவரை இப்பாசிகளிடமிருந்தே பெறக்கூடும். முருகையின் தவிட்டு நிறமும் பெரும்பாலும் இப்பாசிகளின் நிறமே.

இவ்வுயிரைக் கண்ணாடிக்குள் வைத்து வளர்க்கும் முயற்சி பழமையானது. 1846-ஆம் ஆண்டில் அன்னா தைன் என்னும் ஆங்கிலப் பெண்மணியார் டார்க்கீ என்னும் கடற்கரையூரிலிருந்து முருகைகளை இலண்டன் மாநகருக்குக் கொண்டுவந்து வளர்த்தார். இவர் ஒரு குருவானவரின் மனைவியார். நாடோறும் பணிப்பெண் ஒருத்தி திறந்த பலகணியின் முன்னே நின்று, அத்தொட்டி நீரைக் கலத்துக்குக் கலம் மாற்றி ஊற்றிக் காற்றேற்றி வந்தாள். நம் இல்லங்களில் தாய்மார் பாலை ஆற்றும் செயலையே இஃது ஒத்தது. ஆனால் அவர் வளர்த்தவை குளிர்கடல் முருகைகள்; அவற்றின் உடலிற் பாசி இல்லை; ஆதலின் ஒளியைப் பற்றிய கவலை அவருக்கு எழவில்லை. வெப்பக்கடல் முருகையை வீட்டில் வளர்க்க வழிகாட்டியவருள் முதன்மையாக எண்ணத்தக்கவர் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர். கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, காற்றுக் குமிழி, பலகணி வழியே வரும் ஞாயிற்றின் ஒளி ஆகியவற்றைக் கொண்டே அவர் வளர்த்தார். தம் முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார். அவர் காலத்தில் பொழுதை வானமே அளித்தது. மின்விளக்கு வந்த பின்னர் பொழுதை அமைக்கும் பொறுப்பு மனிதன் கைக்கு வந்தது. தொல்லையும் உடன் வந்தது.

ஒளியும் வெப்பமும்

ஒளி வேண்டுமாயின் எவ்வளவு வேண்டும்? ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடியில் விழும் பயனுள்ள ஒளியை மைக்ரோமோல் என்னும் அலகால் அளக்கின்றனர். வெப்பநாட்டு நண்பகலிற் கடலின் மேற்பரப்பில் விழும் ஒளி ஏறக்குறைய 2000. நீர் அதனை வடித்து வடித்துக் குறைக்கின்றது. செந்நிற ஒளி முதலில் மறைய, நீலமே ஆழத்திற்குச் செல்கின்றது. தொட்டியில் மென்முருகைகளுக்கும் பெருவாய் முருகைகளுக்கும் 50 முதல் 150 வரையும், கிளைவிடும் அக்ரோபோரா வகைக்கு 200 முதல் 400 வரையும் போதுமென்று வளர்ப்போர் கொள்வர்.

இவ்வளவுக்கு மேற்பட்ட ஒளி என்னாகின்றது? பாசியின் சமையற்கூடம் ஓர் எல்லைவரைதான் வேலை செய்யும். பத்துப் பேருக்குச் சமைக்கும் அடுப்பில் நூறு பேருக்குரிய விறகைத் திணித்தால் சோறு பெருகாது, வீடு புகையும். அவ்வாறே எஞ்சிய ஒளியாற்றல் பயன்படாமல் நின்று, உயிரணுவைச் சிதைக்கும் கொடிய ஆக்சிஜன் வடிவங்களைத் தோற்றுவிக்கின்றது. நீர் வெப்பமேறினால் இத்தீங்கு பன்மடங்காகும். ஏனெனில் வெப்பம் அச்சமையற்கூடத்தையே பழுதாக்குகின்றது. வழக்கமாகத் தாங்கும் ஒளியும் அப்பொழுது தாங்கவொண்ணாத ஒளியாகின்றது. இறுதியில் முருகை பாசியை வெளியேற்றிவிட்டுத் தன் வெள்ளெலும்பு தெரிய நிற்கின்றது. இதனையே வெளிறல் என்கின்றனர்.

இஃது இன்று நேற்று அறியப்பட்டதன்று. 1928-29-இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறையிலுள்ள லோ தீவுகளுக்கு யங் என்பவர் தலைமையிற் சென்ற ஆராய்ச்சிக் குழுவினர், முருகைகளை ஒளிபுகாப் பெட்டிகளில் அடைத்தும் நீரைச் சூடேற்றியும் பார்த்து, இருவகையாலும் முருகை தன் பாசியை இழத்தலைக் கண்டெழுதினர். ஒளி அறவே இல்லையெனினும் கேடு. வெப்பம் மிகினும் கேடு.

எம் சிறிய தந்தையாரின் பிழை இப்பொழுது விளங்கும். அவர் ஒளியைக் கூட்டினார். ஒளியோடு வெப்பமும் கூடிற்று. வெப்பம் கூடியதால் அவ்வொளி நஞ்சாயிற்று. ஒளியையும் குளிர்ச்சியையும் இருவேறு பொருளாகக் கருதி, ஒன்றை விளக்கு விற்பவரிடமும் மற்றொன்றைக் குளிர்பொறி விற்பவரிடமும் கேட்டறிவது போதாது. இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவுமாம்.

வெப்பக் கணக்கு

அக்கணக்கைச் சிறிது பார்ப்போம். தொட்டிக்குள் செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் முடிவில் வெப்பமாகவே மாறும். ஒரு யூனிட் மின்சாரம் 200 லிட்டர் கடல்நீரிற் புகுந்து வெளியேறாமல் நின்றால், நீரின் வெப்பம் நான்கு செல்சியஸ் பாகைக்குச் சற்று மேலாக உயரும். பழைய 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு எட்டு மணி நேரத்தில் 2 யூனிட் செலவழிக்கும். இக்காலத்து 100 வாட் எல்.இ.டி. விளக்கு அதே நேரத்தில் 0.8 யூனிட்டே கொள்ளும். அதன் வெப்பத்தில் ஒரு பகுதி விளக்கின் முதுகு வழியாக அறைக்காற்றிற் கலந்துவிடும். ஆயினும் நீரில் விழுந்த ஒளி பாறையாலும் மணலாலும் விழுங்கப்பட்டு வெப்பமாகவே முடிகின்றது.

விளக்கை மட்டும் குற்றஞ் சாட்டி, பம்பை மறந்துவிடுவோர் பலர். 40 வாட் பம்பு சிறியதே. ஆனால் அஃது உறங்குவதில்லை. இருபத்துநான்கு மணி நேரத்தில் அது 0.96 யூனிட் செலவழிக்கின்றது. விளக்கின் செலவிலும் இது மிகுதி. நீருக்குள் மூழ்கியிருக்கும் பம்பாயின் அவ்வெப்பம் முழுவதும் நீருக்கே. ஆதலின் குளிர்பொறி வாங்குமுன் தேவைக்கு மிஞ்சிய பம்பை மாற்றுதல் அறிவுடைமை. விளக்கும் பம்புமாகச் சேரும் ஒன்றே முக்கால் யூனிட், இழப்பேதும் இல்லையெனின், நீரை ஏறக்குறைய ஏழரைப் பாகை உயர்த்த வல்லது. தொட்டியின் வெப்பம் 25 அல்லது 26 பாகையில் நிற்க, ஒரு நாளில் ஏற்றமும் இறக்கமும் ஒரு பாகைக்குள் அடங்குதல் நலம்.

வெப்பமேறிய நீரிற் காற்றும் குறையும். 25 பாகையில் ஒரு லிட்டர் கடல்நீர் ஏறக்குறைய 6.75 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் 6.2 மில்லிகிராமே தாங்கும். உயிர்களுக்கோ வெப்பமேற ஏற மூச்சு மிகுதியும் வேண்டும். தேவை கூடும் நேரத்திற் கையிருப்புக் குறைகின்றது.

தொட்டியின் சிறுபொழுதுகள்

நம் இலக்கண மாணாக்கர் ஒரு நாளை மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என ஆறு சிறுபொழுதாகப் பகுத்துக் கற்கின்றனர். ஒவ்வொன்றும் பத்து நாழிகை. அதாவது நான்கு மணி நேரம். கடலில் இவை ஒன்றினுள் ஒன்று மெல்லக் கரைந்து செல்கின்றன. வைகறையின் மங்கல் நண்பகலின் ஒளியாக வளர்வதற்கு நேரம் ஆகின்றது. வீட்டுத் தொட்டியிலோ சுவிட்சைத் தட்டிய நொடியில் நள்ளிரவு நண்பகலாகின்றது. இயற்கையில் எங்கும் இல்லாத இப்பொழுதைத்தான் முதலில் திருத்தல் வேண்டும்.

எம் சிறிய தந்தையார் இரண்டாம் முறை வகுத்த ஒழுங்கைக் கூறுவாம். பிற்பகல் 3 மணிக்கு நீல விளக்கு மட்டும் மிக மங்கலாகத் தொடங்குகின்றது. அது படிப்படியாக வளர்ந்து, வெள்ளொளியும் கூடி, 5 மணிக்கு முழு அளவை அடைகின்றது. இரவு 10 மணி வரை அவ்வளவிலே நின்று, பின்னர் மெல்லக் குறைந்து 12 மணிக்கு அணைகின்றது. ஆக ஒன்பது மணி நேரம் ஒளி. அதில் ஐந்து மணி நேரமே முழு ஒளி. எஞ்சிய பதினைந்து மணி நேரமும் திரை இழுத்த கூடத்தில் தொட்டி ஓய்ந்திருக்கின்றது. இவையனைத்தையும் டைமர் என்னும் நேரக்கருவியே நடத்துகின்றது. மறதியுள்ள மனிதன் கைக்கு அவர் அதனை விடுவதில்லை.

தொட்டியின் நண்பகலை மாலைக்குத் தள்ளியது ஏன் என வினவினோம். அவர் கூறிய விடை எளியது. சிங்கப்பூரில் அறை மிகவும் கொதிப்பது பிற்பகலில். அந்நேரத்திலேயே விளக்கும் முழுமூச்சாக எரிந்தால் இரண்டு வெப்பங்களும் ஒரே உச்சியில் ஏறி நிற்கும். விளக்கின் உச்சியை மாலைக்கு நகர்த்திவிட்டால், அறை ஆறத் தொடங்கும்பொழுது தொட்டி ஒளிர்கின்றது. ஒரு காசும் செலவின்றி வெப்பத்தின் கூர்மை மழுங்குகின்றது. வேலைக்குச் சென்று இரவிலே வீடு திரும்பும் ஒருவருக்குத் தம் தொட்டியைக் கண்டு மகிழும் வாய்ப்பும் கிட்டுகின்றது. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு என்று கற்ற எமக்கு, கடலுயிர்கள் எற்பாட்டில் ஒளிபெற்று எழும் அக்காட்சி ஓர் உவகையைத் தந்தது.

மூன்று செய்திகளை ஈண்டுச் சேர்த்தல் வேண்டும். முதலாவது, பழக்கம். புதிய விளக்கின்கீழ் வைக்கும் முருகைக்கு முதற்கிழமையிற் பாதியளவு ஒளியே தந்து, நான்கு முதல் ஆறு கிழமைகளில் மெல்ல உயர்த்துதல் வேண்டும். புதிய துண்டைத் தொட்டியின் அடியில் வைத்துப் பின்னரே மேலேற்றுவர். நிழலில் வளர்ந்த நாற்றைக் கடும்வெயிலில் உடனே நடாத உழவர் இதனை எளிதில் உணர்வர்.

இரண்டாவது, எதிர்ப்பொழுது. இரவிற் பாசி உணவு சமைப்பதில்லை. யாவும் மூச்சு மட்டும் விடுகின்றன. அதனால் நீரிற் கரியமில வாயு மிகுந்து, பகலில் 8.3 அளவில் நின்ற பி.எச். 8.0-க்கும் கீழே இறங்குதல் உண்டு. இதனைத் தடுக்க, கீழே உள்ள துணைத்தொட்டியிற் கடற்பாசி வளர்த்து, மேல்தொட்டி இருண்டிருக்கும்பொழுது அதற்கு ஒளியூட்டுவர். மேலே இரவாகக் கீழே பகல். கீழே இரவாக மேலே பகல். ஒளியின் வெப்பமும் இவ்வாறு நாள் முழுவதும் பகிர்ந்து பரவுகின்றது.

மூன்றாவது, இருள். இருளை ஒளியின் இன்மை என்று இகழ்தல் தவறு. பெருந்தடுப்புப் பாறையில் முருகைகள் ஆண்டிற் சில இரவுகளில், முழுநிலவை அடுத்து, ஒருங்கே கருவுயிர்த்தலை 1981-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். நிலவின் ஒளியும் அதனைத் தொடரும் இருளும் அவற்றிற்கு நாட்காட்டி. இலண்டனிலுள்ள ஹார்னிமன் அருங்காட்சியகத்தார், கடலின் பருவந்தோறும் மாறும் வெப்பத்தையும் பகலின் நீளத்தையும் நிலவின் வளர்ச்சி தேய்வையும் தொட்டியிலே அமைத்து, முருகைகளைக் கருவுயிர்க்கச் செய்த முறையை 2017-இல் வெளியிட்டனர். கடலினின்றும் நெடுந்தொலைவில், குளிர்நாட்டு நகரொன்றில், அவ்வுயிர்கள் நிலமன்று பொழுதே பார்த்து நடந்தன. நாடோறும் விடியுமளவும் நீல நிலவு காட்டி அழகு பார்க்கும் வளர்ப்போர் இதனை நினைவில் வைத்தல் நன்று.

குளிர்விக்கும் வழிகள்

பொழுதைத் திருத்திய பின்னும் எஞ்சிய வெப்பத்தை வெளியேற்றல் வேண்டும். அதற்குரிய எளிய கருவி மின்விசிறி. மட்பானை நீர் குளிர்வது எவ்வாறோ அவ்வாறே இதுவும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்பொழுது ஏறக்குறைய 0.67 யூனிட் அளவுள்ள வெப்பத்தைக் கொண்டு செல்கின்றது. முன்னர்க் கூறிய ஒன்றே முக்கால் யூனிட்டையும் வெளியேற்ற நாளொன்றுக்கு இரண்டரை லிட்டருக்குச் சற்று மேலாக நீர் ஆவியானால் போதும். நீரின் மேற்பரப்பிற் சாய்வாக வீசும் சிறு விசிறி ஒன்றிரண்டு இதனைச் செய்யவல்லன. மூடியிட்ட தொட்டியில் இது நடவாது.

ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நாளொன்றுக்கு 3 லிட்டர் வீதம் ஒரு கிழமை குறைந்தால், ஆயிரத்துக்கு 35 பங்கு என நின்ற உவர்ப்பு 39-க்கு உயரும். ஆதலின் குறைந்த நீரைத் தூய நன்னீரால் நாடோறும் நிரப்புதல் வேண்டும். உப்புநீரால் நிரப்புவோர் உப்பின்மேல் உப்பைக் குவிப்பர். ஆர்.ஓ. நீரே இதற்குத் தக்கது. வெப்பத்திற்கு அஞ்சி விசிறி வைத்து, உவர்ப்பினால் உயிரை இழந்தாரும் உளர்.

விசிறிக்கும் ஓர் எல்லை உண்டு. வறண்ட காற்று வீசும் உள்நாட்டில் மட்பானை நன்கு குளிர்விக்கும். கடற்கரையூரின் ஈரக்காற்றில் அத்துணை குளிர்விப்பதில்லை. இது நம் பாட்டிமாரும் அறிந்ததே. சிங்கப்பூரின் ஈரக்காற்றில், விசிறியால் நீர் அறை வெப்பத்தினும் இரண்டு மூன்று பாகை இறங்கினால் அதுவே பெரிது. அறை 31 பாகையில் இருப்பின் தொட்டி 28-இல் நிற்கும்; 26-ஐ எட்டாது. அவ்விடத்துக் குளிர்பொறி தேவையாகின்றது.

குளிர்பொறி வெப்பத்தை அழிப்பதில்லை. நீரிலிருந்து எடுத்து, தன் உழைப்பின் வெப்பத்தையும் சேர்த்து, வெளியே தள்ளுகின்றது. எம் சிறிய தந்தையார் முதலில் அப்பொறியைத் தொட்டியின் கீழுள்ள மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். அது வெளியேற்றிய வெப்பத்தையே மீண்டும் விழுங்கி, ஓயாது ஓடியும் பயனின்றிக் களைத்தது. பலகணியருகே காற்றோட்டமாக வைத்த பின்னரே அது தன் தொழிலைச் செய்தது. அப்பொறி 26 பாகையில் தொடங்கி 25-இல் நிற்குமாறு இடைவெளி விட்டு அமைத்தல் வேண்டும். இடைவெளியின்றேல் நொடிக்கொரு தரம் தொடங்கி நின்று விரைவிற் பழுதாகும். வெப்பமானி ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு வைத்து ஒப்பிட்டு, காலையும் மாலையும் குறித்து வைத்தலும் வேண்டும்.

மின்சாரம் நின்றால் முதலில் நினைக்கவேண்டியது மூச்சு. குளிர்ச்சி அதற்கு அடுத்தது. மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்பு இல்லத்தில் இருத்தல் நலம். அதுவும் இல்லையாயின், ஒரு செம்பினால் நீரை மொண்டு உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக் கொண்டிருக்கலாம். 1846-இல் அப்பணிப்பெண் செய்த தொழிலே அது. நீர் சூடேறின், உறையவைத்த நீர்ப்புட்டிகளை மூடியோடு மிதக்கவிடலாம். பனிக்கட்டியை நேரே இடுவோர் உவர்ப்பைக் குலைப்பர். ஒரே மூச்சிற் பல பாகை குளிர்விப்பதும் தீங்கே. கடும்வெப்ப நாளில் வேறொன்றும் செய்ய இயலாவிடின், விளக்கைக் குறைத்துவிடலாம், அணைத்தும் விடலாம். ஓரிரு நாள் இருளால் முருகை இறவாது. ஆனால் சூடான நீரிற் பேரொளி அதனை விரைவில் வெளிறச் செய்யும்.

நம் கடல்

இதனைப் படிக்கும் அன்பருள் எவரேனும் நம் கடற்கரையிலேயே முருகை எடுத்துத் தொட்டி அமைக்க எண்ணுவாராயின், அவரை அன்போடு தடுக்கின்றோம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பாறை கட்டும் முருகைகள் சேர்க்கப்பட்டன. நம் நாட்டில் அவற்றை எடுத்தலும் விற்றலும் குற்றமாகும். பிற நாடுகளில் வாழும் நம் பழைய மாணவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்திற்கு இணங்க வளர்ப்பது வேறு.

ஆயின் நாம் இதனைக் கற்பதனாற் பயன் என்னை? தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் முருகைகளாற் சூழப்பட்டிருந்தன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. முருகைக்கல்லை வெட்டியெடுத்த பழைய வழக்கமும் காரணமாக, அவற்றுள் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. எஞ்சிய முருகைகள் கோடையிற் கடல் சூடேறிய 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளிற் பெரிதும் வெளிறின. 2024 ஏப்ரலில், உலகக் கடல்களில் நான்காம் முறையாகப் பெருவெளிறல் நிகழ்வதாக அமெரிக்கக் கடலாய்வுத் துறையினர் அறிவித்தனர். கோடை உச்சியின் வழக்கமான வெப்பத்தினும் ஒரே ஒரு பாகை கூடி, அது சில கிழமைகள் நீடித்தால் போதும். முருகை வெளிறத் தொடங்கும். ஒரு பாகை என்பது நம் உடலுக்குத் தோன்றாத அளவு. அவ்வொரு பாகைக்காக எம் சிறிய தந்தையார் விசிறியும் பொறியும் நேரக்கருவியும் இரண்டு வெப்பமானியும் வைத்துக் காவல் காப்பதைக் கண்டபின், அச்செய்தி எமக்கு வெறும் எண்ணாகத் தோன்றவில்லை. மன்னார் வளைகுடாவிற்கு விசிறி வைப்பார் இல்லை. அதன் நண்பகலை மாலைக்குத் தள்ளவும் எவராலும் இயலாது. அக்கடலைச் சூடேற்றுவது நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் வானிற் சேர்க்கும் வாயுவே. தொட்டியின் வெப்பத்திற்கு வீட்டுக்காரர் கணக்குச் சொல்லுதல் போல, கடலின் வெப்பத்திற்கு நாம் அனைவரும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஒளியைப் படைத்த ஆண்டவர் இருளை அழித்தாரல்லர். இரண்டையும் வெவ்வேறாகப் பிரித்து, இரண்டிற்கும் பெயரிட்டார் என்று ஆதியாகமத்தின் தொடக்கத்தில் நாம் கற்கின்றோம். படைப்பின் முதல் நாளிலேயே பொழுது வகுக்கப்பட்டது. கடலுயிர்கள் அதன் பின்னரே வந்தன. தொல்காப்பியனார் முதற்பொருளென வைத்ததும் அதுவே. எம் சிறிய தந்தையார் முதற்றொட்டியில் வெளிறி இறந்த கிளையொன்றைக் கழுவி, வெப்பம் குறிக்கும் ஏட்டின்மேற் பாரமாக வைத்திருக்கின்றார். நாடோறும் இருமுறை அதனை எடுத்து அப்பால் வைத்த பின்னரே அவர் எண்ணை எழுதுகின்றார். யாம் விடைபெற்றுப் புறப்பட்ட நாளின் காலையில் அவ்வேட்டில் எழுதப்பட்ட எண் 25.6.